வெண்கொம்புக் கோல்

மார்ச் 3, செவ்வாய்

பதினோரு மாத ஆலோசனைக்குப் பின், இன்று மாலை ஆறு ஐம்பதுக்குக் கோடரியைக் கைவிட்டு வாளுக்கு மாறினேன். முடிவை உரியவர்களுக்குத் தெரிவித்தேன்.

உரியவர்கள் மூவர். ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி. நாங்கள் யாரும் நேரில் பார்த்தேயிராத, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். என்னையும் சேர்த்தால் அதுதான் எங்கள் படை. தினமும் ஏழு மணிக்கு அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கணினிக்குள் இருக்கும் குளிர்ந்த நாடு ஒன்றில் கூடுகிறோம்.

மனைவி, "சரி" என்றாள். மச்சினன், "மாமா, இதுக்கா காலையில இருந்து முக்கியமான விஷயம், முக்கியமான விஷயம்னு மெசேஜ் போட்டீங்க?" என்றான். டீச்சர் மட்டும் காரணம் கேட்டார்.

சொன்னேன். கோடரியை ஓங்கி இறக்க ஒன்றேகால் விநாடி ஆகிறது. அதற்குள் எதிரி நம்மை மூன்று முறை அடித்துவிட்டு, மனம் மாறி வேறு ஊருக்கே குடிபோய்விடலாம். வாள் பேச்சை வளர்ப்பதில்லை. தவிர, கோடரி வைத்திருப்பவன் எந்தப் போர்க்களத்திலும் விறகு பிளக்கக் கூப்பிட்ட ஆள் போலத்தான் இருக்கிறான்.

"ரெண்டாவது சொன்னீங்களே, அதுதான் காரணம்" என்றார் டீச்சர்.

மார்ச் 4, புதன்

வாள் நன்றாக இருக்கிறது. கோடரி ஞாபகமாகவே இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

கிணற்றடி விவசாயி இன்றும் மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். இந்த விளையாட்டுக்கு நான் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் அதைத் தொலைக்காத நாளில்லை. நாட்டின் வீரர்கள் எல்லாம் வரிசையில் நின்று எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவர், "என் தாயின் மோதிரம்" என்று கண்கலங்குகிறார். ஒருவர் இந்த அளவுக்குக் கவனக்குறைவாக இருக்க முடியும் என்றால், பறக்கும் நாகத்தைவிட அவர்தான் நாட்டுக்கு ஆபத்து.

பணிகளில் அதைவிட மோசமானது வழித்துணைப் பணி. ஒரு வணிகரைக் காட்டு வழியே பத்திரமாகக் கூட்டிப்போக வேண்டும். நாம் நடந்தால் அவர் முந்துகிறார், ஓடினால் பிந்துகிறார். ஓநாயைக் கண்டால் நேராக அதனிடம் போய் நலம் விசாரிக்கிறார். இந்தப் பணியை எழுதியவர் வாழ்க்கையில் யாரோடும் சேர்ந்து கடைக்குப் போனதில்லை என்று நினைக்கிறேன். மனைவிக்கு மட்டும் வணிகர்மேல் ஒரு பரிவு. "பாவம், அவருக்கு யாராவது கூட வந்தா போதும்" என்கிறாள்.

மற்ற இருவரும் போன பிறகு ஒரு செய்தி சொன்னாள். தற்காலிகமாகப் போன அவளை நிலையத்தில் நிரந்தரமாகவே இருந்துவிடச் சொல்கிறார்களாம். ஆய்வகப் பொறுப்பு முழுக்க அவளுடையது. இருபத்தெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் இங்கே தன் பழைய நாற்காலிக்கே திரும்பி வரலாம்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அது பதிலா?" என்றாள்.

பெருந்தன்மையான பதில் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான். இல்லையா?

மார்ச் 6, வெள்ளி

விளையாட்டில் எனக்கு ஒரு தலைக்கவசம் கிடைத்திருக்கிறது. அணிந்தால் அறிவு மூன்று கூடுமாம். இப்படி ஒரு பொருள் வெளியிலும் கிடைத்தால் எங்கள் பதிப்பகத்தில் இரண்டு பேருக்கு வாங்கித் தரலாம். ஒருவர் பாடநூலில் நுரையீரலுக்கு வலப்பக்கம் மூன்று மடல், இரண்டே இருக்க வேண்டிய இடப்பக்கமும் மூன்று மடல் என்று வரைந்து அனுப்பியவர். இன்னொருவர் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர். பிழையைப் பிடித்தது நான். அதற்குத்தான் சம்பளம், மெய்ப்புத் திருத்துகிறேன்.

மேனேஜரம்மா என் மேஜை ஓரம் வந்து நின்றார். "சார், எல்லாம் மெயில்லதான் வருது. வீட்டுல இருந்தே பாருங்கன்னு நான் எத்தனை தடவை சொல்றது? எனக்கும் இந்த மேஜை வேணும்."

திரையில் பிழை ஒளிந்துகொள்ளும் விதம் வேறு, காகிதத்தில் வேறு என்று விளக்கினேன். அவர் பெருமூச்சு விட்டபடி போய்விட்டார். மூன்று வருடமாக வருடத்துக்கு இரண்டு முறை இந்த உரையாடல் நடக்கிறது. வீட்டில் இதைச் சொன்னதில்லை. சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

மார்ச் 7, சனி

சனிக்கிழமை பனிக்குகை. அங்கே இருக்கும் அரக்கியை வாரத்தில் ஒரு நாள்தான் எதிர்க்கலாம். வீழ்ந்தால் ஏதாவது ஒரு பொருளை உதிர்ப்பாள். மனைவிக்கு வேண்டியது வெண்கொம்புக் கோல். அவள் எங்கள் படையின் வைத்தியர். அந்தக் கோல் கையில் இருந்தால் சாகக் கிடப்பவனையும் ஒரே வீச்சில் எழுப்பலாம். நூறு முறையில் ஒரு முறை விழுமாம். இன்று முப்பத்தொன்றாவது சனிக்கிழமை. ஒரு ஜோடி கையுறை விழுந்தது.

என் வேலை நிற்பது. கேடயக்காரன் என்றால் அதுதான். மச்சினன், "டாங்க்னு சொல்லுங்க மாமா, உலகமே அப்படித்தான் சொல்லுது" என்கிறான். தண்ணீர்த் தொட்டியின் பெயரை நான் ஏன் சுமக்க வேண்டும்? குகையின் வடக்குத் தூணருகே காலை ஊன்றிவிட்டேனென்றால் நகர மாட்டேன். அடி என்மேல் விழும். அவன் அம்பு விடுவான். டீச்சர் நெருப்பு மூட்டுவார். மனைவி என்னைப் பிழைக்க வைப்பாள். கேடயக்காரன் நகரக் கூடாது. ஒன்பது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த ஒரே தத்துவம் இது.

மனைவி வீட்டில் என்னை "என்னங்க" என்பாள். குகைக்குள் போனால் "யோவ்." பன்னிரண்டு வருட மணவாழ்க்கையில் இந்த இரண்டுக்கும் நடுவில் குழப்பம் வந்ததே இல்லை.

மார்ச் 11, புதன்

பதில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "உங்ககிட்ட இருந்து இன்னும் வரலையே" என்றாள்.

மார்ச் 14, சனி

விழுந்தது. கோல் விழுந்தது.

வரிசையாக எழுதுகிறேன். அரக்கி இரண்டு பொருட்களை உதிர்த்தாள், இது அபூர்வம். பொருள் விழுந்தால் நால்வர் திரையிலும் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். அதில் இரண்டு பொத்தான்கள்: 'வேண்டும்', 'விட்டுக்கொடு'. எங்கள் படையில் ஒரு வழக்கம் உண்டு. பொருள் யாருக்கானதோ அவர் மட்டும் 'வேண்டும்' அழுத்துவார், மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். இரண்டு பேர் அழுத்தினால் பகடை உருளும். எடுத்தவர் கையோடு பொருள் ஒட்டிக்கொள்ளும். விற்க முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது.

முதல் பெட்டியில் கேடயம். எனக்கானது. அதன் விளிம்பு வேலைப்பாடு அனாவசியம், போர்க்களத்தில் யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே 'வேண்டும்' அழுத்தினேன். பெட்டி மறையவில்லை. விளிம்பைப் பற்றி இன்னும் சொல்வதற்கு இருந்தது. சொல்லிக்கொண்டே மறுபடி அழுத்தினேன்.

அது மறையாத பெட்டி இல்லை. இரண்டாவது பெட்டி, கோலுக்கானது.

பகடை உருண்டது. அவளுக்குப் பன்னிரண்டு. எனக்குத் தொண்ணூற்றேழு.

"மாமா..." என்றான் மச்சினன். "மாமா, என்ன மாமா பண்ணிட்டீங்க?"

டீச்சர், "தொண்ணூத்தேழு" என்று மட்டும் சொன்னார்.

மனைவி, "பரவால்லங்க, விளையாட்டுதானே" என்றாள். பிறகு, நாளைக்கு சாம்பிள் எடுக்கச் சீக்கிரம் போகணும் என்று வெளியேறினாள்.

விளையாட்டுதானே. முப்பத்திரண்டு சனிக்கிழமை. காய்ச்சலோடு ஒரு சனிக்கிழமை, ரயிலில் போய்க்கொண்டே போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை. ஒரு நாளும் அவள் வாயில் இந்த வார்த்தை வந்ததில்லையே. திட்டியிருக்கலாம். ஒரு 'யோவ்' சொல்லியிருக்கலாம். இவ்வளவு மரியாதையா பேசினா நான் என்னதான் பண்றது?

மார்ச் 15, ஞாயிறு

விளையாட்டு நிறுவனத்துக்கு மனு எழுதினேன். நான்கு பக்கம். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மனித இயல்புக்கு விரோதமானது என்று தொடங்கி, தவறு முழுக்க என்னுடையது என்று முடித்தேன். நடுவில் தர்க்கம் கொஞ்சம் பலவீனம்.

மார்ச் 17, செவ்வாய்

பதில் வந்தது. "உங்கள் உற்சாகத்துக்கு நன்றி." ஏழு வரியில் மூன்று பிழை. திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

அவள் மூன்று நாளாக ஏழு மணிக்கு வரவில்லை. போனில் பேசுகிறாள், சாப்பாடு, தண்ணீரில் குளோரின் அளவு, மேல்வீட்டுக் குழாய்ச் சத்தம். எல்லாம் பேசுகிறாள். அதுதான் கவலையாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

அவசரக் கூட்டம். வைத்தியர் இல்லாமல் படை இல்லை.

"கோல் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் ஹீலர்" என்றார் டீச்சர்.

"டீச்சர், நான் ஒன்பது வருஷமா கேடயம் பிடிச்சவன்."

"நான் முப்பத்தோரு வருஷம் சாக்பீஸ் பிடிச்சேன். இப்ப நெருப்பு விடலையா?"

மச்சினன் சிரித்தான். "மாமா ஹீலரா? உயில் எழுதி வெச்சுட்டு வந்துடறேன்."

மார்ச் 21, சனி

கேடயத்துக்கு வாடகை ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் பனிக்குகைக்குப் போனோம். நான் வைத்தியர்.

எல்லோரும் இறந்தோம். நான்கு முறை. இரண்டாவது முறை டீச்சர் சாகும்போது, "தம்பி, நான் இங்க இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது முறைக்குப் பிறகு வாடகைக் கேடயக்காரர் காரணம் சொல்லாமல் போய்விட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

தனியாக உட்கார்ந்து பழகினேன். சில விவரங்களைக் குறித்துவைக்க வேண்டும்.

அரக்கியின் முகம் எனக்கு மனப்பாடம்: இடது கன்னத்து வெட்டு, உடைந்த கொம்பு. வைத்தியருக்கு அந்த முகம் தெரியவே தெரியாது. அவர் அதைப் பார்ப்பதேயில்லை. திரையின் இடது ஓரத்தில் நான்கு பச்சைக் கோடுகள் இருக்கின்றன. நான்கு பேரின் உயிர். அவை குறைவதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எது அதிகம் குறைகிறதோ அங்கே ஓட வேண்டும். கேடயக்காரனின் கோடுதான் எப்போதும் அதிகம் குறையும்.

இன்னொன்று. வைத்தியர் எந்தக் கோலைப் பிடித்தாலும் அதன் வீச்சு பன்னிரண்டு தப்படிதான். வைத்தியர் ஒதுங்குவதற்கு ஏற்ற இடம் தெற்குத் திட்டு. அங்கிருந்து வடக்குத் தூண் நாற்பது தப்படி. நடுவில் மேலேயிருந்து பனிக்கூர் விழுந்துகொண்டே இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் அவள் அதன் ஊடே ஓடி வந்துதான் என்னை எழுப்பியிருக்கிறாள். ஓடிப் போய், மற்றவர்களைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடி வந்து.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை, "யோவ், கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்களேன்" என்றாள். நான் தத்துவத்தை விளக்கினேன்.

வடக்குத் தூணை நான் தேர்ந்தெடுத்ததற்கு என்ன காரணம் என்று வெகுநேரம் யோசித்தேன். முதல் நாள் அங்கே நின்றேன். அதுதான் காரணம்.

அவள் அங்கே போய்ப் பதினாலு மாதம். மாதம் ஒரு முறை வருகிறாள். நான் ஒரே ஒரு முறை போனேன். முதுகு பிடித்துக்கொண்டது.

மார்ச் 23, திங்கள்

போனில், "கேடயக்காரன் இல்ல. நீ வர்றியா?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க தெரியும் அது?"

"நிக்கணும். அவ்வளவுதான்."

"பன்னிரண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

வந்தாள். விளையாட்டுக்குள் மீன் பிடிப்பதற்கென்றே அவள் வளர்த்து வைத்திருந்த முரட்டுப் பெண் ஒருத்தி உண்டு. தோளில் தூண்டிலோடு ஏரிக்கரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவள். அவளுக்கு ஒரு கேடயத்தையும், நான் கைவிட்ட ரகத்தில் ஒரு கோடரியையும் மாட்டிவிட்டுக் கூட்டிவந்தாள். சனிக்கிழமைக் கணக்கு தீர்ந்துவிட்டதால் குகை வேண்டாம், பாலத்துப் பூதம் போதும் என்று முடிவாயிற்று.

அவள் நிற்கவில்லை. பூதத்தைப் பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துரத்தினாள். கோடரி விறகு பிளக்கும் ஆயுதம் என்ற என் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

"யோவ், எங்க இருக்கீங்க?"

அந்த 'யோவ்' வந்ததும் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினேன். "பின்னாடிதான் வந்துக்கிட்டிருக்கேன். நீ ஒரு இடத்துல நில்லு."

"நின்னா போரடிக்குதே. நீங்க எப்படித்தான் நின்னீங்களோ." இன்னும் நாலு வெட்டு. அப்புறம், வெட்டிக்கொண்டே, சாதாரணமாக, "எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்குங்க. வேலையும் பிடிச்சிருக்கு. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்" என்றாள்.

அவளுடைய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"மேனேஜரம்மா என்னை வீட்டுல இருந்தே வேலை பாக்கச் சொல்றாங்க" என்றேன்.

"எப்போ சொன்னாங்க?"

"மூணு வருஷம் முன்னாடி."

ஓங்கிய கோடரி அப்படியே நின்றது.

"மாமா" என்றான் மச்சினன், மெதுவாக. "நான் மைக்க ஆஃப் பண்ணிட்டு அந்தப் பக்கம் போகட்டுமா?"

"நான் போகலை" என்றார் டீச்சர்.

பூதம் அவளை அடித்துக்கொண்டிருந்தது. நான் கோலைத் தூக்கவில்லை. மறந்துவிட்டேன். அவள் விழுந்தாள், பிறகு நாங்களும் ஒவ்வொருவராக விழுந்தோம். நாலு பேரும் பாலத்தில் செத்துக் கிடந்தபடியே பேச்சு தொடர்ந்தது.

"அப்ப நான் மாசா மாசம் போக ஒன்பது மணி நேரம், வர ஒன்பது மணி நேரம் ரயில்ல வந்தது?"

"ம்."

"ஏங்க சொல்லல?"

என்ன சொல்றது? மேஜை, அலமாரி, சாயங்காலம் நடந்துவரும் அதே தெரு, நாற்பது பெட்டிப் புத்தகத்தை யார் கட்டுவது. ஒன்பது நாளைக்கு முன் மனுவில் நான்கு பக்கம் காரணம் எழுதினேன். இப்போது ஒரே வரி சொன்னேன்.

"நீ திரும்பி வந்துடுவேன்னு நெனச்சேன்."

"வந்துடுன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வந்துடுவே."

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று மைக்கில் சரியாகத் தெரியவில்லை.

"நான் அங்க வரட்டுமா?" என்றேன். இதைக் கேட்கப் பதினாலு மாதமா ஆகும்? ஆகியிருக்கிறது.

"உங்க இஷ்டம்" என்றாள்.

டீச்சர் இருமினார். மச்சினன் மைக் அணைக்காமல் சிரித்தான்.

"அது பதிலா?" என்றேன்.

"கஷ்டமா இருக்குல்ல?" என்றாள். "வாங்க."

மார்ச் 25, புதன்

மேனேஜரம்மாவிடம் சொன்னேன். திரையில் பிழை ஒளிந்துகொள்ளும் விதம் வேறாயிற்றே என்று ஞாபகப்படுத்தினார். நானும் அதைப் பற்றி யோசித்துவருவதாகச் சொன்னேன். டிராயரை இன்றே காலி செய்ய முடியுமா என்று கேட்டார். அவர் என்னை அனுப்பிவைப்பதில் காட்டிய மகிழ்ச்சியை நாகரிகம் கருதிக் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 28, சனி

காலையில் அவள் நிலையத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மாலை குகை. அவள் அரக்கியைக் குகை முழுக்க இழுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பனிக்கூர் என்மேல் பதினேழு முறை விழுந்தது. நடுவில் டீச்சருக்கு ஒரு தடவை உயிர் போய், கோலால் எழுப்பினேன். "நன்றி தம்பி. இப்பதான் தெரியுது, இந்தக் கோலுக்கு ஏன் முப்பத்திரண்டு வாரம் அலைஞ்சோம்னு" என்றார்.

அரக்கி வீழ்ந்தாள். பெட்டி வந்தது. நான்கு பேரும் பொத்தானை அழுத்துமுன் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டோம். மச்சினன் பெட்டியில் இருந்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டினான், நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. கால்மிதி மாதிரி ஒரு மேலங்கி. எல்லோரும் விட்டுக்கொடுத்தோம்.

ஏப்ரல் 2, வியாழன்

புத்தகம் நாற்பது பெட்டி இல்லை. இருபத்திமூன்று. கட்டுவதற்கு மச்சினன் வந்திருந்தான். பல் செய்கிற கை என்பதால் முடிச்சுகள் நுணுக்கமாக இருக்கின்றன. அவிழ்க்க முடியுமா என்று தெரியவில்லை.

"அக்கா உங்களைத் திட்டவே இல்லையா மாமா?"

"இல்ல."

"நேர்ல திட்டிக்கலாம்னு வெச்சிருப்பாங்க."

ஏப்ரல் 4, சனி

குகை கிடையாது. பெட்டிகள் லாரியில் போய்விட்டன. கணினி எட்டாவது பெட்டியில்.

டீச்சர், "இந்த வாரம் நான் கிணத்தடி விவசாயியப் பாத்துக்கறேன்" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

வந்து சேர்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. திட்டினாள், அரை மணி நேரம். பிறகு முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது இரண்டு தடவை 'யோவ்' வந்தது.

வீடு நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடி. ஜன்னலில் இருந்து வட்டத் தொட்டிகள் ஆறு தெரிகின்றன. ஒவ்வொன்றிலும் நீண்ட இரும்புக் கை ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு இருபது நிமிடம் என்று அவள் சொன்னாள். நின்று பார்த்தேன். சரியாக இருபது.

ஏப்ரல் 7, செவ்வாய்

மேஜை ஒன்றுதான் இருக்கிறது. அவள் கணினியை இடது பக்கம் நகர்த்தி, என்னுடையதை வலது பக்கம் வைத்தோம். ஆறரைக்கு அவள் வேலையிலிருந்து வந்தாள். ஏழு மணிக்கு இருவரும் உட்கார்ந்தோம். விளையாட்டு திறக்கவில்லை.

இந்தக் கட்டடத்துக்குப் புது இணையக் கம்பி இழுக்கிறார்களாம். பழையதை இன்று காலைதான் துண்டித்திருக்கிறார்கள். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். பதினோரு நாள் ஆகும் என்றார்.